லோடு ஆட்டோவில் மீன் போகட்டும், நீங்கள் பஸ்ஸில் போங்கள்

வாசகி கேள்வி: நாங்கள் நான்கு பெண்கள், கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரே தெரு. விடியற்காலையில் முதுநகர் துறைமுகத்தில் ஆளுக்கு ஐம்பது கிலோ அளவுக்கு மீன் ஏலம் எடுத்து, வாடகை லோடு ஆட்டோவில் நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று கொண்டுபோய் விற்கிறோம். நாங்களும் பின்னால் கூடைகளோடு உட்கார்ந்து போகிறோம். வாடகை தினம் 900 ரூபாய். சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிடலாம் என்று குழுவில் பேசினோம். புதுச்சேரியில் 2018 மாடல் டீசல் ஆப்பே லோடு ஆட்டோ ஒன்று 1,40,000 சொல்கிறார்கள், பி.ஒய். நம்பர். பெயர் மாற்ற வேண்டியதில்லை, ஓனர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் இருக்கிறது, அப்படியே ஓட்டலாம் என்கிறார் புரோக்கர். என் நாத்தனார் மகன் ஓட்டுவான், வயது 19, கார் லைசென்ஸ் இருக்கிறது. கரண்ட் வண்டி வாங்கு என்று சிலர் சொல்கிறார்கள். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுத்து வண்டியை எடுக்கலாமா?

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

மீதிப் பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம். அந்த வண்டி நல்லதா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால் பேச வேண்டியது, உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரே வரியாக வந்திருக்கிறது: "நாங்களும் பின்னால் கூடைகளோடு உட்கார்ந்து போகிறோம்." விபத்தில் சேதமான வண்டியைப் பார்த்து, இழப்பைக் கணக்கிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை தருவது என் தொழில். கடலூர், பண்ருட்டி, புதுச்சேரிப் பக்கத்து லோடு ஆட்டோக்களை நான் பார்ப்பது பெரும்பாலும் அவை கவிழ்ந்த பிறகுதான். ஆகவே எனக்கு வண்டியைவிட உங்கள் நால்வரைப் பற்றிய கவலைதான் முதலில் வருகிறது.

மூன்று சக்கர வண்டிக்கு முன்னால் இருப்பது ஒரே சக்கரம். வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கமாகத் தள்ளும். நான்கு சக்கர வண்டியில் அந்த மூலையில் ஒரு சக்கரம் நின்று தாங்கும், இதில் அந்த இடம் காலி. பெட்டிகள் தளத்தோடு தளமாகத் தாழ்வாக இருந்தால் வண்டி சமாளித்துக்கொள்ளும். பெட்டியின்மேல் ஆட்கள் உட்கார்ந்தால் பாரம் மேலே ஏறிவிடுகிறது. விடியற்காலையில் ஒரு நாய் குறுக்கே வந்து டிரைவர் சட்டென்று ஒடித்தால் போதும், வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். தளமெல்லாம் ஐஸ் தண்ணீர், பிடித்துக்கொள்ளப் பக்கப் பலகை மட்டும்தான். உள்ளே இருந்தவர்களுக்கு அடி தலையிலும் தோளிலும்தான் விழுகிறது.

சட்டமும் இங்கே உங்கள் பக்கம் உறுதியாக நிற்காது. எந்த வண்டியின் ஆர்.சி.யிலும், அதாவது பதிவுச் சான்றிலும், எத்தனை பேர் உட்காரலாம் என்று ஓர் எண் இருக்கும். மூன்று சக்கர லோடு வண்டிகளில் பெரும்பாலும் அது 1, அதாவது டிரைவர் மட்டும். சரக்கோடு கூடவே வரும் சரக்குச் சொந்தக்காரருக்கு இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-இல் ஒரு திருத்தம் வந்தது, அது உண்மைதான். ஆனால் ஒருவர் உட்கார வேண்டிய வண்டியின் பின்தளத்தில் நான்கு பேர் இருந்தால் கம்பெனி சும்மா பணம் தராது. தீர்ப்பாயத்தில் வருடக் கணக்காக எதிர்த்து வாதாடும். சில வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு வண்டி ஓனரிடம் வசூல் செய்துகொள் என்று தீர்ப்பு வரும். உங்கள் விஷயத்தில் அந்த ஓனர் நீங்களேதான். பக்கத்து வீட்டுத் தோழிக்குக் கால் போனால், அந்த நஷ்டஈட்டை உங்கள் வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய நிலைகூட வரலாம்.

எடைக் கணக்கையும் பாருங்கள். நான்கு பேருக்குமாக மீன் 200 கிலோ. பண்ருட்டி வெயிலில் மீன் கெடாமல் இருக்க மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் போட வேண்டும், அது இன்னொரு 200. பெட்டிகளின் எடை 40, 50 என்று வைத்துக்கொள்வோம். ஆக 450 கிலோவைத் தொட்டுவிட்டோம். இந்த வகை வண்டிகள் சட்டப்படி ஏற்றக்கூடியது ஏறக்குறைய அரை டன். துல்லியமாக வேண்டுமென்றால் ஆர்.சி.யில் பாரத்தோடு உள்ள எடை, வெறும் எடை என்று இரண்டு எண்கள் இருக்கும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் நான்கு பெண்களின் எடை, இன்னொரு 220, 230 கிலோ சேர்ந்தால் வண்டி தாங்க வேண்டியது 700 கிலோவை நெருங்கிவிடும். அப்படித் தினமும் ஓடினால் பிரேக்கும் டயரும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மும் எவ்வளவு காலம் தாங்கும்?

அப்படியானால் நாங்கள் எப்படிப் போவது என்று கேட்பீர்கள். பஸ்ஸில் போங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மீன் கூடையோடு ஏறினால்தான் முகம் சுளிக்கிறார்கள், இறங்கச் சொல்கிறார்கள். வெறும் கையோடு ஏறினால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மீன் வண்டியில் போகட்டும். நால்வரில் மூவர் ஏலம் எடுத்துக் கொடுங்கள், ஒருவர் முதல் பஸ்ஸிலேயே சந்தைக்குப் போய் இடம் பிடித்துப் பெட்டியை இறக்கிக்கொள்ளட்டும். முறை வைத்து மாறிக்கொள்ளுங்கள். யாருடைய பெட்டி என்று குழப்பம் வராமல் ஆளுக்கொரு நிறத்தில் மூடி வாங்கிக்கொண்டால் போதும். நீங்கள் எந்த வண்டி வாங்கினாலும், வாடகை வண்டியிலேயே தொடர்ந்தாலும், இந்த ஒன்றை மட்டும் நாளையிலிருந்தே மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். தினம் 900 ரூபாய் வாடகை மிச்சமாகும் என்று நினைத்துத்தான் வாங்கக் கிளம்பியிருக்கிறீர்கள். 900 முழுவதும் மிச்சமாகாது. தேவனாம்பட்டினத்தில் கிளம்பித் துறைமுகம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி போய்த் திரும்பினால் 65 கிலோமீட்டர் அளவில் வரும். பாரத்தோடு ஓடும் பழைய டீசல் வண்டி லிட்டருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு கொடுத்தாலே நல்லது. லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது டீசலுக்கு மட்டும் 230 வைக்க வேண்டும். நாத்தனார் மகனுக்கு என்ன சம்பளம் என்று கடிதத்தில் இல்லை. சொந்தப் பிள்ளை என்றாலும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வருபவனுக்கு 400 ரூபாயாவது கொடுக்க வேண்டாமா? டயர், ஆயில், ரிப்பேர் என்று 100 ஒதுக்குங்கள். இன்சூரன்ஸ், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, வரி எல்லாவற்றையும் நாள் கணக்கில் பிரித்தால் இன்னொரு 60. கூட்டினால் 790. மிச்சம் 110 ரூபாய், அதுவும் கடன் தவணை கட்டாத கணக்கில். 1,40,000-ஐக் குழுக் கடனாக எடுத்து மூன்று வருடத்தில் அடைத்தால் மாதம் 4,500-இலிருந்து 5,000 வரை வரும். அந்த 110-ஐ அப்படியே அது சாப்பிட்டுவிடும், மேலும் கையிலிருந்தும் கேட்கும்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாத அந்த இரண்டு மாதத்தில் துறைமுகத்தில் மீன் எவ்வளவு குறையும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாடகை வண்டி என்றால் அந்த நாட்களில் கூப்பிடாமல் இருந்துவிடலாம். தவணைக்குத் தடைக்காலம் கிடையாது.

இதையெல்லாம் சொல்வதால் வாங்கவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கு மீனை இறக்கிய பிறகு வண்டி பண்ருட்டியில் வெறுமனே நிற்கக் கூடாது, அதுதான் முக்கியம். அங்கிருந்து கடலூருக்குக் காய்கறி, தேங்காய், கோடையில் பலாப்பழம் என்று திரும்பும் பாரம் கிடைக்கும். பலாச் சீசன் உச்சத்தில் இருப்பதும் தடைக்காலமும் ஏறக்குறைய ஒரே சமயம், இது உங்களுக்குப் பெரிய வசதி. மீன் இறக்கியதும் தளத்தை நன்றாகக் கழுவிவிட வேண்டும், நாற்றம் இருந்தால் பழ மண்டிக்காரர் வண்டியை உள்ளேயே விடமாட்டார். ஒரு நாளைக்கு ஒரு திரும்பு பாரம் உறுதியாகக் கிடைத்தால் சொந்த வண்டி லாபம். இல்லையென்றால் வாடகையே மேல். இதை வண்டி வாங்கிய பிறகு தேடாதீர்கள். இந்த வாரமே மண்டியில் இரண்டு, மூன்று பேரிடம் பேசிப் பாருங்கள்.

நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அடுத்து வருவது. மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போனீர்களா? பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா என்று 2020-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒன்று, மாநில மீன்வளத்துறை மூலமாகத்தான் நடக்கிறது. அதில் மீன் விற்பவர்களுக்கு ஐஸ் பெட்டியோடு கூடிய மூன்று சக்கர வண்டி என்று ஒரு தனி இனமே இருக்கிறது. மின் வண்டியும் அதில் அடக்கம். வண்டியின் விலையை 3 லட்சம் என்று வைத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். நீங்கள் பெண்கள், மீன் விற்பவர்கள், அதுவும் குழுவாக இருக்கிறீர்கள். 60 சதவீதம் என்றால் 1,80,000 ரூபாய். உங்கள் கைப்பணம் 1,20,000. புரோக்கர் பழைய வண்டிக்குக் கேட்பதைவிடக் குறைவு!

மானியம் கடையில் வாங்கும் பொருள் போல உடனே கைக்கு வருவதில்லை. அந்தந்த ஆண்டு ஒதுக்கீட்டைப் பொறுத்தது. ஆகவே கடலூரில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள்: இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, தனி ஆளின் பெயரிலா குழுவின் பெயரிலா, மானியப் பணம் வண்டி எடுக்கும்போதே கழியுமா அல்லது நீங்கள் முழுத் தொகையும் கட்டிய பிறகு வருமா. பிந்தியது என்றால் இடைக்காலத்துக்குக் கடன் தேவைப்படும். வங்கியில் முத்ரா கடன் என்று கேளுங்கள். 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், உங்களுக்குக் கிஷோர் பொருந்தும். எதற்கும் முன்னால் வண்டி வாங்கிவிடாதீர்கள். ஏற்கெனவே வாங்கிய வண்டியைக் காட்டி மானியம் கேட்பது நடக்காத காரியம்.

புது வண்டி விலையிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. மூன்று சக்கர வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. மின் வண்டிக்கு 5 சதவீதம்தான். புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்க வேண்டும். பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசும் புரோக்கரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

டீசலா கரண்டா என்ற கேள்விக்கு என் அபிப்பிராயம், உங்கள் பாதைக்கு மின் வண்டி ஒத்துவரும் என்பதுதான். 65 கிலோமீட்டருக்கு எட்டு யூனிட் ஆனாலும் செலவு 80 ரூபாய்க்குள் முடியும். டீசலுக்கு வைத்த 230-இல் 150 தினமும் கையில் நிற்கும். ஆனால் எல்லா மின் வண்டியும் ஒன்றல்ல. மலிவாகக் கிடைக்கும் இ-கார்ட் வகை, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது, அதில் சட்டப்படி ஏற்றலாம் என்பது 310 கிலோ. கடைத்தெருவுக்குள் சுற்ற அது சரி. பண்ருட்டி ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் அதை ஓட்டவே கூடாது. உங்களுக்கு வேண்டியது முழு ஆட்டோ வகை மின் லோடு வண்டி. அதிலும் பேட்டரி ஏழு யூனிட் முதல் பன்னிரண்டு, பதின்மூன்று யூனிட் வரை பல அளவில் வருகிறது. பத்துக்குக் குறையாமல் எடுங்கள். புதிதில் 80, 90 ஓடும் சின்ன பேட்டரி, நான்கு வருடத்தில் தளர்ந்த பிறகு பாரத்தோடு 65-க்கு இழுத்துப் பறிக்கும். ஷோரூம்காரர் சொல்லும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். ஒருநாள் டெமோ வண்டியில் உங்கள் பெட்டிகளை ஏற்றிப் பண்ருட்டி வரை போய்வரக் கேளுங்கள். விற்க நினைப்பவர் மறுக்க மாட்டார்.

மீன் வண்டி என்பதால் இன்னொரு விஷயம் பாருங்கள். உப்புத் தண்ணீர் மோட்டாரிலும் பேட்டரி இணைப்பிலும் இறங்கினால் செலவு பெரிது. தண்ணீர் புகாத தரம் ஐ.பி.67 என்று மோட்டாருக்கும் பேட்டரிக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். உப்புத் தண்ணீரால் வந்த பழுதுக்கு வாரண்டி உண்டா என்பதை வாரண்டி புத்தகத்தில் காட்டச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு பிறகு உதவாது. வீட்டில் 16 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் வேண்டும். தொழில் வண்டிக்கு வீட்டு இணைப்பில் சார்ஜ் போடுவது பற்றி மின்வாரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். புயலடித்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்பார். 2011 டிசம்பர் தானே புயலில் இந்த மாவட்டமே வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தது, அது நமக்கு மறக்காது. ஆனால் அப்படிப்பட்ட நாட்களில் கடலுக்கும் யாரும் போவதில்லை. அந்த ஒரு காரணத்துக்காக டீசலுக்குப் போக வேண்டாம். உங்கள் தெருவில் தினசரி கரண்ட் பிரச்சினை இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

லோடு வண்டிக்குப் பர்மிட் வேண்டுமா என்று யாராவது பயமுறுத்தினால் கவலைப்படாதீர்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குச் சட்டத்திலேயே பர்மிட் விலக்கு இருக்கிறது. எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் கட்டாயம்.

இப்போது புதுச்சேரி ஆப்பேவுக்கு வருகிறேன். மானியம் கிடைக்கவில்லை, பழைய வண்டிதான் வாங்க முடியும் என்ற நிலை வரலாம். அப்போதும் பெயர் மாற்றாமல் ஓட்டும் ஏற்பாடு மட்டும் கூடவே கூடாது. கையெழுத்துப் போட்ட ஃபாரம் பையில் இருப்பதால் வண்டி உங்களுடையது ஆகிவிடாது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் ஓனர். விபத்தோ வழக்கோ வந்து போலீஸ் வண்டியைப் பிடித்துவைத்தால், கோர்ட்டில் எடுக்க ஆர்.சி. ஓனர்தான் வர வேண்டும். அவர் ஊரில் இல்லை, இறந்துவிட்டார் என்றால் வண்டி ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும். வண்டி சேதமானாலும் இன்சூரன்ஸில் உங்கள் பெயர் இல்லாததால் ஒரு ரூபாய் வராது. இந்தக் காரணத்துக்காகவே நிராகரிக்கப்பட்ட கோப்புகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஏமாந்தவர்கள் எல்லோருமே உங்களைப் போல உழைத்துச் சேர்த்தவர்கள்தான்.

முறைப்படி செய்வதென்றால் புதுச்சேரிப் போக்குவரத்துத் துறையில் படிவம் 28-இல் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்க வேண்டும், அது விற்பவரின் வேலை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் விற்பவர், வாங்குபவர் இருவர் கையெழுத்து. வண்டிமேல் கடன் இருந்திருந்தால், கடன் முடிந்தது என்று பைனான்ஸ்காரர் தரும் படிவம் 35. பிறகு கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தமிழ்நாட்டு வரி கட்டி, படிவம் 27 கொடுத்து, டி.என்.31 நம்பர் வாங்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால், பி.ஒய். வண்டி மலிவு என்ற எண்ணம் கரைந்துவிடும். எல்லையில் உள்ள முள்ளோடைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியில் டீசல் மலிவு என்பதும் உங்களுக்குப் பயன்படாது, உங்கள் பாதை மேற்கே பண்ருட்டிக்குப் போகிறது. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் கடன், எஃப்.சி. தேதி, இன்சூரன்ஸ், கட்டாத அபராதம் எல்லாம் தெரியும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள். தளத்தில் விரித்திருக்கும் ரப்பர் பாயைத் தூக்கச் சொல்லுங்கள். இதுவும் மீன் ஏற்றிய வண்டியாக இருந்தால், ஐஸ் தண்ணீரும் மீன் ரத்தமும் இறங்கி இறங்கித் தகரத்துக்கு அடியில்தான் அரித்திருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து, கேபின் முடிந்து லோடு பெட்டி தொடங்கும் மூட்டில் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, அழுத்திக் குத்துங்கள். டங்கென்று கேட்டால் அங்கே இரும்பு இருக்கிறது. முனை உள்ளே இறங்கினால் இரும்பு போய்விட்டது, பெயிண்ட் மட்டும்தான் மேலே நிற்கிறது. அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கருப்பு அடித்திருந்தால் இன்னும் பலமாகக் குத்துங்கள், மறைக்கத்தான் அடித்திருப்பார்கள். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தைத் துடைத்துவிட்டு அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எல்லா எழுத்தும் ஆர்.சி.யில் உள்ளபடி தாளில் தெளிவாக விழ வேண்டும். ஓர் எழுத்து அரித்துப் போயிருந்தாலும் பெயர் மாற்றத்திலும் எஃப்.சி.யிலும் திருப்பி அனுப்புவார்கள்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கமும் புகுந்தது. அப்போது மூழ்கிய வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. முகப்பு விளக்குக் கண்ணாடிக்கு உள்ளே மங்கலாக ஒரு கோடு, சீட்டுக்கு அடியில் ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சை, மூலையில் காய்ந்த வண்டல் மண் தெரிந்தால் அது தண்ணீரில் நின்ற வண்டி.

எஞ்சின் விஷயத்துக்கு உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள், அவருக்கு 500 ரூபாய் கொடுங்கள். புரோக்கர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். நீங்கள் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணி வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சூடேறிய எஞ்சின் எந்தக் குறையையும் காட்டாது. குளிர்ந்த எஞ்சின் நீலப் புகையாகத் தள்ளினால் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. பாரத்தோடு பாலத்தில் ஏற்றி, இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒருபக்கம் இழுத்தால் விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், சரிசெய்த பிறகுதான் பணம். இதன் வயதையும் கவனியுங்கள்: எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., எட்டைத் தாண்டினால் வருடா வருடம். 2018 மாடல் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் பெயிண்ட், டிங்கரிங் என்று ஒரு தொகை கேட்கும்.

ஓட்டப்போகும் பிள்ளையைப் பற்றி. கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்டலாம், தனி முத்திரை தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. அது அவனுக்கு நல்ல செய்தி. ஆனால் சரக்கு வண்டியும் வாடகை வண்டியும் ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் தனியாக இருக்கிறது. 19 வயதில் ஓட்டி ஏதாவது நடந்தால், லைசென்ஸ் கையில் இருந்தும் இல்லாத நிலைதான். அவன் பிறந்தநாள் வரும்வரை வேறு டிரைவரை வையுங்கள். அதுவரை நல்ல டிரைவர் ஒருவரோடு அவன் கூடமாட இருந்து, பாரம் கட்டுவதையும் வண்டியைப் பராமரிப்பதையும் பழகிக்கொள்ளட்டும். அப்புறம், ஓனருக்கென்று இன்சூரன்ஸில் சேர்க்கும் 15 லட்ச விபத்துக் காப்பீடு ஓனரே ஓட்டும்போதுதான் செல்லும். உங்கள் பெயரில் வண்டி, அவன் டிரைவர் என்றால் அது அவனுக்கு உதவாது. சம்பள டிரைவருக்கான பாதுகாப்பை பாலிசியில் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், கூடுதல் தொகை சொற்பம்தான்.

யார் பெயரில் வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நால்வர் பணம் போடும்போது முதலில் பேச வேண்டியது அதுதான். திட்டத்தில் குழுவின் பெயரில் தந்தால் நல்லது. ஒருவர் பெயரில்தான் என்றால், யார் எவ்வளவு போட்டார்கள், தவணையை எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலகினால் அவர் பங்கை எந்த விலைக்கு மற்றவர்கள் எடுத்துக்கொள்வது, திரும்பு பாரத்தில் வரும் வாடகை யாருக்கு என்பதை முத்திரைத் தாளில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். குழுத் தீர்மானப் புத்தகத்திலும் ஏற்றிவிடுங்கள். ஆர்.சி.யில் இப்போது வாரிசு நியமிக்கும் வசதி இருக்கிறது, அதையும் செய்துவிடுங்கள். நல்ல தோழிகள் வண்டி வாடகைக் கணக்கில் பேச்சு வார்த்தை இல்லாமல் போனதை நம் ஊர்ப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக அந்த 5,000. ரசீது வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே போன் செய்து, வண்டி நம்பரும் கொடுத்த தொகையும் தேதியும் போட்டு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். பிறகு, "ஓனர் என்.ஓ.சி. எடுத்துக் கையில் கொடுத்தால்தான் மீதிப் பணம், இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று எழுத்தில் அனுப்புங்கள். நேர்மையான விற்பனை என்றால் என்.ஓ.சி. எடுப்பார்கள், அப்போது மேலே சொன்னபடி வண்டியைச் சோதித்துப் பார்க்கலாம். மழுப்பினால் அந்த 5,000 ரூபாய் போனாலும் பரவாயில்லை, மிச்சம் 1,35,000-ஐ வங்கியிலேயே வைத்திருங்கள். திங்கட்கிழமை நால்வரும் ஆதார், குழுப் புத்தகம், வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போங்கள். மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.